அம்புகளுக்கு நடுவே

உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைப் பாடமாக எடுத்தவர்களின் கொப்பிகளைத் திறந்து பார்த்தால் பாதி எழுத்தாகவும் பாதி படமாகவும் இருக்கும். ஒரு பக்கத்தில் பாய்ச்சற் கோட்டுப்படம், மறு பக்கத்தில் தரவுப் பாய்ச்சல் வரிப்படம். அடிமட்டமும் அழிறப்பரும் இல்லாமல் இந்தப் பாடம் நகராது. "கம்பியூட்டர் படிக்கிறண்டு சொல்லிட்டு எந்த நாளும் சித்திரம் கீறிக்கிட்டிரிக்கா" என்று என் உம்மும்மா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

இந்தப் படங்களுள் ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை. ஆங்கிலத்தில் சீக்குவன்ஸ் டயகிராம் என்பார்கள். தொடர்வரிசைப் படம் என்று இங்கே எழுதுகிறேன். மென்பொருள் செய்பவர்களுக்காக உண்டான படம்தான். ஆனாலும் வங்கி அட்டையும் கைத்தொலைபேசியும் வைத்திருக்கும் எந்தப் பெற்றோரும் இதை விளங்கிக்கொள்ளலாம். கணினி படிக்காத தோழியரும் இடையில் விட்டுவிட்டுப் போகாதபடி எழுத முயல்கிறேன்.

முதலில், மற்றப் படங்கள் இருக்க இது எதற்கு? பாய்ச்சற் கோட்டுப்படம் ஒரே ஒரு மூளையின் சிந்தனையைக் காட்டும். இது உண்மையா, ஆம் என்றால் இந்தப் பக்கம் போ, இல்லை என்றால் அந்தப் பக்கம் போ. அந்த வேலையைச் செய்வது யார் என்று அது சொல்லாது. தரவுப் பாய்ச்சல் வரிப்படம் எந்தத் தரவு எங்கிருந்து எங்கே போகிறது என்று சொல்லும். எது முதலில், எது பிறகு என்று சொல்லாது. இன்றைய மென்பொருள்களோ ஒரே கணினிக்குள் ஒடுங்கிக் கிடப்பவை அல்ல. கையிலுள்ள தொலைபேசி ஒன்று, எங்கோ ஒரு நகரத்தில் ஒரு சேவையகம், அதற்குப் பின்னால் ஒரு தரவுத்தளம், இன்னொரு நிறுவனத்தின் கணினி என்று நாலைந்து பேர் சேர்ந்து செய்யும் வேலை அது. யார், யாரிடம், எப்போது, என்ன கேட்டார்கள் என்ற கேள்விக்குப் பதில் தருவது தொடர்வரிசைப் படம்.

நம் பாடசாலையிலேயே ஓர் உதாரணம் எடுப்போம். மூன்றாம் பாடவேளையில் ஒரு மாணவிக்குக் காய்ச்சல். வீட்டுக்குப் போக வேண்டும். தாளின் மேல் ஓரத்தில் ஐந்து பெட்டிகளைப் பக்கம் பக்கமாகக் கீறுங்கள்: மாணவி, வகுப்பாசிரியை, பகுதித் தலைவர், வாயிற் காவலாளி, உம்மா. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் நேர்கீழே ஒரு முறிகோடு தொங்கவிடுங்கள். இதற்கு உயிர்க்கோடு என்று பெயர். நேரம் மேலிருந்து கீழாக ஓடுகிறது. மேலே நடப்பது முந்தியது, கீழே நடப்பது பிந்தியது. இந்த ஒரு விதியை மனதில் வைத்தால் முக்கால்வாசி விளங்கிவிடும்.

இனி அம்புகள். மாணவி ஆசிரியையிடம் கேட்கிறாள்: இடமிருந்து வலமாக ஓர் அம்பு. ஆசிரியை பகுதித் தலைவருக்குத் துண்டு அனுப்புகிறார்: அதற்குக் கீழே அடுத்த அம்பு. பகுதித் தலைவர் கையொப்பம் வைத்துத் திருப்பி அனுப்புகிறார்: இது மறுமொழி, ஆகவே வலமிருந்து இடமாக முறிகோட்டு அம்பு. ஆசிரியை துண்டை மாணவியிடம் கொடுக்கிறார்: இன்னொரு முறிகோடு. மாணவி துண்டைக் காவலாளியிடம் காட்டுகிறாள். ஒருவர் வேலையில் ஈடுபட்டிருக்கும் நேரம் முழுவதும் அவருடைய உயிர்க்கோட்டின் மேல் ஒடுக்கமான நீள்சதுரம் ஒன்றைக் கீற வேண்டும். அதைச் செயற்பாட்டுப் பட்டை என்பார்கள்.

அம்புத்தலையைக் கவனிக்க வேண்டும். நிரப்பிய கறுப்புத் தலை என்றால், அனுப்பியவர் பதில் வரும்வரை காத்திருக்கிறார் என்று பொருள். துண்டை அனுப்பிய ஆசிரியை கையொப்பம் வரும்வரை அந்த மாணவியை வெளியே விடமாட்டார். இது காத்திருக்கும் செய்தி. திறந்த, காகத்தின் கால் போன்ற தலை என்றால், அனுப்பியவர் அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார் என்று பொருள். ஆசிரியை உம்மாவுக்குக் குறுஞ்செய்தி ஒன்றை அனுப்பிவிட்டுப் பாடத்தைத் தொடர்கிறார் அல்லவா? அது காத்திராத செய்தி. சின்ன வித்தியாசம் போலத்தான் தெரியும். ஆனால் உம்மாவின் தொலைபேசி அணைந்திருந்தால், மாணவி வாயிலைத் தாண்டிய பிறகும் வீட்டில் யாருக்கும் தெரியாது என்பதை அந்தத் திறந்த தலை நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

இந்தக் கீறும் முறைக்கு ஒரு வரலாறும் உண்டு. சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையங்களை வடிவமைத்த பொறியியலாளர்களுள் ஒருவர் ஐவர் ஜேக்கப்சன். தொலைபேசி அழைப்பைவிட இந்தப் படத்துக்குப் பொருத்தமான விடயம் வேறில்லை. அழைப்பவர் கைபிடியைத் தூக்குகிறார், நிலையம் ஒலி தருகிறது, இலக்கம் போகிறது, மறுமுனையில் மணி அடிக்கிறது, யாரோ எடுக்கிறார், எல்லாமே வரிசை. பின்னாளில் ஜேக்கப்சன், கிரேடி பூச், ஜேம்ஸ் ரம்போ ஆகிய மூவரும் தத்தம் குறியீட்டு முறைகளை ஒன்றாக்கி யூ.எம்.எல். என்ற பொது முறையை உருவாக்கினார்கள். 1997 நவம்பரில் அது ஒரு சர்வதேசத் தராதரக் குழுவினால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. தொடர்வரிசைப் படம் அதன் ஒரு பகுதி. 2005 இல் வெளியான இரண்டாம் பதிப்பில் இன்னும் சில வசதிகள் சேர்ந்தன. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

இப்போது கொஞ்சம் கனமான உதாரணம். ஏ.ரி.எம். இயந்திரத்தில் 20,000 ரூபா எடுக்கிறோம். நான்கு உயிர்க்கோடுகள் போதும்: அட்டைக்காரர், இயந்திரம், வங்கிக் கணினி, கணக்கு. எல்லாம் நல்லபடி நடந்தால் அம்புகள் மேலிருந்து கீழாக இப்படி வரும்:

1. அட்டைக்காரர் இயந்திரத்திடம்: அட்டை, இரகசிய இலக்கம், தொகை 20,000.
2. இயந்திரம் வங்கிக் கணினியிடம்: இவ்வளவு கொடுக்கலாமா?
3. வங்கிக் கணினி கணக்கிடம்: மீதி போதுமா என்று பார், போதுமென்றால் 20,000 ஐக் கழி.
4. கணக்கு வங்கிக் கணினியிடம், முறிகோட்டில்: கழித்தாயிற்று.
5. வங்கிக் கணினி இயந்திரத்திடம், முறிகோட்டில்: கொடு.
6. இயந்திரம் அட்டைக்காரரிடம், முறிகோட்டில்: இதோ அட்டை, இதோ பணம்.

ஆறாவது வரியில் அட்டையை முன்னுக்கும் பணத்தைப் பின்னுக்கும் எழுதியது வேண்டுமென்றுதான். பல இயந்திரங்கள் அட்டையை எடுத்த பிறகுதான் பணத்தை வெளியே தள்ளுகின்றன. காரணம் மனித சுபாவம். வந்த காரியம் பணம் எடுப்பது. பணம் கைக்கு வந்ததும் காரியம் முடிந்தது என்று மனம் முடிவு கட்டிவிடும், அட்டை இயந்திரத்திலேயே கிடக்கும். இரண்டு அம்புகளின் இடத்தை மாற்றியதால் எத்தனையோ அட்டைகள் தப்பியிருக்கும். வரிசை என்பது அலங்காரத்துக்கு அல்ல.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. மேலே உள்ள ஆறு வரிகளும் நல்லபடி நடக்கும் கதை. பரீட்சை விடைத்தாளுக்கு அது போதும். படத்தின் பெறுமதி தெரிவது ஏதாவது ஓர் அம்பு போய்ச் சேராதபோதுதான்.

சென்ற நோன்பின் கடைசிப் பத்தில் எங்கள் வீட்டுக்கு அது நடந்தது. வாப்பா கட்டாரில் வேலை செய்கிறார். அவர் அனுப்பிய காசில் பெருநாள் உடுப்புக்கென்று 20,000 எடுக்க உம்மாவும் நானும் போனோம். எந்த வங்கி, எந்த ஊர் என்பது இங்கே தேவையில்லை. இயந்திரத்துக்குள்ளே தாள் எண்ணும் ஓசை கேட்டது. பிறகு அந்த ஓசை நின்றது. சிறிது நேரம் எதுவும் இல்லை. அதன்பின், கொடுக்கல் வாங்கல் தோல்வியடைந்தது என்று திரை சொன்னது. அட்டையும் ஒரு சிறு துண்டும் வெளியே வந்தன. பணம் வரவில்லை. வாசற்படி இறங்குவதற்குள் உம்மாவின் தொலைபேசியில் குறுஞ்செய்தி: உங்கள் கணக்கிலிருந்து 20,000 ரூபா கழிக்கப்பட்டுள்ளது.

"சல்லி வரல்லயே மகள், வெட்டிட்டாங்கண்டு மெசேஜ் வந்திரிக்கே. அப்ப இப்ப சல்லி எங்க?"

பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், "இன்னொருக்கா போட்டுப் பாருங்க" என்றார். கணக்கில் மிச்சம் இருந்தது 3,400 ரூபா. போட்டுப் பார்க்க வழி இருக்கவில்லை.

உம்மாவின் கேள்வியை அன்றிரவு கொப்பியில் கீறிப் பார்த்தேன். மேலே சொன்ன நான்கு உயிர்க்கோடுகளையும் வைத்துக் கீறினால் பதில் வரவில்லை. ஐந்தாவது அம்பு வந்துவிட்டது, ஆறாவது வரவில்லை என்பதுவரைதான் தெரிந்தது. அப்போதுதான் எங்கள் ஆசிரியை வகுப்பில் சொன்ன ஒன்று உறைத்தது: உயிர்க்கோடுகளை நீங்கள் எப்படித் தெரிவு செய்கிறீர்களோ அவ்வளவுதான் உங்களுக்குத் தெரியும். "இயந்திரம்" என்று ஒரே பெட்டிக்குள் நான் இரண்டு பேரை அடைத்து வைத்திருந்தேன். உள்ளே ஒரு கணினி இருக்கிறது. அது பேசும், கேட்கும், முடிவெடுக்கும். அதற்குக் கீழே தாள்களை உருவி, எண்ணி, வெளியே தள்ளும் பகுதி இருக்கிறது. அதில் உருளைகளும் பட்டிகளும் உணரிகளும் உள்ளன. தாள் சிக்குவது அங்கேதான். இரண்டையும் பிரித்து ஐந்து உயிர்க்கோடுகளாகக் கீறினேன்.

இப்போது படம் பேசியது. கணினி எண்ணும் பகுதியிடம், நான்கு ஐயாயிரம் தாள்களைத் தா என்கிறது. எண்ணும் பகுதி தொடங்குகிறது. நாங்கள் கேட்ட ஓசை அது. பிறகு, தந்துவிட்டேன் என்றோ முடியவில்லை என்றோ மேலே போக வேண்டிய மறுமொழி நேரத்துக்குப் போகவில்லை. அல்லது சிக்கிவிட்டது என்று போயிருக்கிறது. எதுவானாலும் அந்த நேரத்தில் கணக்கில் கழித்தாயிற்று. யூ.எம்.எல். முறையில் இதற்கென்றே ஒரு குறியீடு இருக்கிறது. போய்ச் சேராத செய்தியை அடுத்த உயிர்க்கோடுவரை கீறாமல், நடுவழியில் ஒரு கறுப்புப் புள்ளியில் முடிக்க வேண்டும். தொலைந்த செய்தி என்று அதற்குப் பெயர். கொப்பியில் அந்தப் புள்ளியை வைத்து, "உம்மா, உங்கட சல்லி இந்தப் புள்ளிக்கும் இந்தக் கோட்டுக்கும் நடுவுல இரிக்கி" என்று காட்டினேன். தாள்கள் இன்னும் இயந்திரத்துக்குள்தான். கணக்கு மட்டும் அவை போய்விட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறது.

உம்மா சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவர். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப முதல்ல சல்லியத் தந்திட்டுப் பிறகு வெட்டினா என்ன?"

இதைவிட நல்ல கேள்வியை எந்தப் புத்தகப் பயிற்சியிலும் நான் காணவில்லை. கீறிப் பார்ப்போம். இயந்திரம் வங்கிக் கணினியிடம் மீதி போதுமா என்று மட்டும் கேட்கிறது. போதும் என்று பதில். தாள்கள் வெளியே வருகின்றன. அதன்பின் இயந்திரம், கொடுத்துவிட்டேன், இனிக் கழி என்று அனுப்புகிறது. அந்தக் கடைசி அம்பில் கறுப்புப் புள்ளியை வைத்துப் பாருங்கள். பணம் கையில்; கணக்கில் முழு மீதி. இப்போது நட்டம் வங்கிக்கு. அதோடு நில்லாது. அந்த அம்பு போய்ச் சேருவதற்கு முன் அதே கணக்கில் இன்னொருவர் வேறோர் இயந்திரத்தில் கேட்டால் அங்கும் மீதி போதும் என்றே பதில் வரும்.

அப்படியென்றால் கழிப்பதையும் கொடுப்பதையும் ஒரே கணத்தில் செய்ய முடியாதா? முடியாது. இரண்டும் இரண்டு இடங்களில் நடப்பவை. இடையில் ஒரு செய்தி போயே ஆக வேண்டும். செய்தி என்றால் தொலையலாம். எந்த வரிசையில் கீறினாலும் இரண்டு அம்புகளுக்கு நடுவே ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் யாரோ ஒருவரின் பணம் தொங்கும். வடிவமைப்பவர் தெரிவு செய்யக்கூடியது ஒன்றைத்தான்: தொங்குவது யாருடைய பணம் என்பதை. நாங்கள் பார்த்த வரிசையில் அது வாடிக்கையாளருடையது. வங்கியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் நியாயம் உண்டு. வெளியே போன தாளைத் திரும்பப் பிடிக்க முடியாது; கழித்த கணக்கில் திரும்பச் சேர்க்க முடியும். ஆனால் 3,400 ரூபா மிச்சத்தோடு நிற்பவருக்கு, பிறகு சேர்ப்போம் என்ற சொல்லில் உள்ள "பிறகு" மிக நீண்டது.

பதிலுக்குப் பதில், அதற்கும் ஒரு பதில் என்று அம்புகளைக் கூட்டிக்கொண்டே போனால் இடைவெளி மூடாதா என்று நீங்கள் நினைக்கலாம். இதைப் பற்றி அறிஞர்கள் 1975 இலேயே எழுதிவிட்டார்கள். பின்னர் 1978 இல் ஜிம் கிரே என்ற தரவுத்தள அறிஞர் அதற்கு இரண்டு தளபதிகளின் புதிர் என்று பெயர் வைத்தார். இரண்டு குன்றுகளில் ஒரே தரப்பின் இரண்டு படைகள், நடுப் பள்ளத்தாக்கில் எதிரி. இரு படைகளும் ஒரே நேரத்தில் தாக்கினால்தான் வெற்றி. நாளை காலை தாக்குவோம் என்று ஒரு தளபதி தூதனை அனுப்புகிறார். தூதன் பிடிபட்டானா, போய்ச் சேர்ந்தானா? தெரிய வேண்டுமானால் மற்றவர் பதில் தூதனை அனுப்ப வேண்டும். அந்தப் பதில் சேர்ந்ததா என்று அவருக்குத் தெரிய இன்னொரு தூதன். இப்படி எத்தனை தூதர் போனாலும் கடைசியாகப் போனவனின் கதி அவனை அனுப்பியவருக்குத் தெரியாது. தொடர்வரிசைப் படமாகக் கீறினால் இது ஒரு நிமிடத்தில் விளங்கும்: எந்தப் படத்திலும் கடைசி அம்பு என்று ஒன்று இருந்தே தீரும், அதற்குப் பதில் அம்பு இருக்காது.

இடைவெளியை மூட முடியாது என்று தெரிந்த பிறகு, அதைத் திருத்தும் வழிகளைப் படத்திலேயே சேர்த்துக் கீறுகிறார்கள். வங்கி அட்டைக் கொடுக்கல் வாங்கல்களுக்கென்று ஐ.எஸ்.ஓ. 8583 என்றொரு சர்வதேசத் தராதரம் உண்டு. முதற்பதிப்பு 1987 இல் வெளிவந்தது. அதில் ஒவ்வொரு செய்தி வகைக்கும் நான்கு இலக்கங்கள். பணம் கேட்கும் செய்தி 0200. அதன் பதில் 0210. கொடுக்க முடியவில்லை, கழித்ததைத் திருப்பு என்று அறிவிக்கும் செய்தி 0420. திருப்புதல் கிடைத்தது என்பதற்கு 0430. தொலைபேசி இணைப்பு விழுந்து 0430 வராவிட்டால், அனுப்பியவர் 0420 ஐ மறுபடி அனுப்ப வேண்டும். படத்தில் இதை ஒரு சட்டத்துக்குள் கீறி மூலையில் லூப் என்று எழுதுவார்கள். பதில் வரும்வரை திரும்பத் திரும்ப என்று பொருள். நான் பிறகு வருகிறேன் என்று சொன்ன இரண்டாம் பதிப்பின் வசதி இதுதான். அதைப் போலவே, இது நடந்தால் இப்படி, இல்லாவிட்டால் அப்படி என்று இரண்டு கதைகளை ஒரே படத்தில் காட்ட அல்ட் என்ற சட்டம் உண்டு. நடுவே முறிகோடு, மேற்பாதியில் [தாள் வந்தது] என்றும் கீழ்ப்பாதியில் [தாள் வரவில்லை] என்றும் சதுர அடைப்புக்குள் நிபந்தனை எழுத வேண்டும். வடிவமைக்கும்போது கீழ்ப்பாதியைக் கீறாமல் விட்டவரின் மென்பொருளிடம்தான் நாம் ஒரு நாள் மாட்டிக்கொள்கிறோம்.

இங்கே ஒரு சிக்கல் எழும். 0420 மூன்று தரம் போனால் வங்கிக் கணினி மூன்று தரம் 20,000 ஐச் சேர்த்துவிடாதா? சேர்த்தால் எங்களுக்குச் சந்தோசம்தான்! அதைத் தடுக்க ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் ஒரு தொடர் இலக்கம் கொடுக்கப்படுகிறது. இந்த இலக்கத்துக்கு ஏற்கெனவே திருப்பிவிட்டேன் என்று வங்கிக் கணினி பார்த்துக்கொள்ளும். ஒரே செய்தியைப் பத்துத் தரம் சொன்னாலும் ஒரு தரம் செய்த பலன்தான். பெற்றோருக்கு இங்கே ஒரு வார்த்தை: பணம் வராமல் துண்டு மட்டும் வந்தால் அதைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். அதில் அச்சாகியிருக்கும் இலக்கங்களும் நேரமும்தான் அந்தப் பக்கத்தில் உங்கள் பணத்தின் பெயர். துண்டு வரவில்லையென்றால் இடத்தையும் நேரத்தையும் அங்கேயே நின்று குறித்துக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். உங்கள் வங்கி கவனிக்காவிட்டால் முறைப்பாட்டை ஏற்பதற்கு இலங்கை மத்திய வங்கியில் ஒரு திணைக்களமும் இருக்கிறது.

அட்டை ஒரு வங்கியுடையதாகவும் இயந்திரம் இன்னொரு வங்கியுடையதாகவும் இருந்தால் உயிர்க்கோடுகள் கூடும். வங்கிகளை இணைக்கும் லங்காபே பொது ஏ.ரி.எம். வலையமைப்பு 2013 இல் தொடங்கியது. அதனால்தான் ஊரில் உள்ள எந்த இயந்திரத்திலும் பெரும்பாலும் நம் அட்டை வேலை செய்கிறது. அந்தப் படத்தில் இயந்திரம் வைத்திருக்கும் வங்கி, நடுவிலுள்ள பொது ஆளி, அட்டை தந்த வங்கி என்று மூவர் நிற்பார்கள். வசதி கூடக்கூட அம்புகளும் கூடும். முறைப்பாடு செய்யும்போது யாரிடம் போவது என்று குழம்புவதும் இதனால்தான். அட்டை தந்த வங்கியிடம் போவதே நேர்வழி. மற்றவர்களோடு பேசுவது அவர்களின் வேலை.

எல்லாச் செய்தியும் தொலைந்தாலும் கடைசியாக ஒரு வழி இருக்கிறது. இயந்திரத்தில் மிஞ்சிய தாள்களை மனிதர்கள் எண்ணுவார்கள். நாலு ஐயாயிரம் கூடுதலாக இருந்தால், எந்தக் கொடுக்கல் வாங்கலுக்குரியது என்று இலக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கணினிக் கணக்கும் கைக்கணக்கும் சந்திக்கும் இடம் அது. எங்கள் காசு அப்படித்தான் திரும்பியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மறுநாள் வங்கிக்குப் போய்த் துண்டைக் காட்டினோம். அங்கிருந்த உத்தியோகத்தர் பொறுமையாகக் கேட்டு, படிவம் ஒன்றை நிரப்பச் சொல்லி, சில வேலை நாட்கள் ஆகும் என்றார். பக்கத்து வீட்டு மாமியிடம் உம்மா கைமாற்று வாங்கினார். ஐந்தாம் நாள் காலையில், 20,000 ரூபா வரவு வைக்கப்பட்டது என்ற குறுஞ்செய்தி வந்தது. பெருநாளைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

இதில் என் மனதுக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. தோல்வியடைந்தது என்று திரை காட்டியதே, அந்தச் சொல். படத்தைப் பார்த்தால், அந்த நேரத்தில் இயந்திரத்துக்குத் தோல்வி என்று சொல்லும் அளவுக்கு எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம், தான் எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதுதான். கணக்கில் கழிக்கப்பட்டதும் அதற்குத் தெரியும், ஏனென்றால் ஐந்தாவது அம்பு அதனிடம்தான் வந்தது. "பணம் தர முடியவில்லை. உங்கள் கணக்கில் கழிந்திருக்கலாம், திருப்பக் கேட்டிருக்கிறோம். இந்த இலக்கத்தை வைத்திருங்கள்" என்று மூன்று மொழிகளிலும் நாலு வரி காட்டியிருந்தால் உம்மா அந்த வாசற்படியில் அப்படி உட்கார்ந்திருக்கமாட்டார். அட்டைக்காரரை நோக்கிப் போகும் அம்பும் ஓர் அம்புதான். அதில் என்ன எழுதுவது என்பதை மென்பொருள் செய்பவர்கள் கடைசி நிமிடத்தில் தீர்மானிக்கக் கூடாது என்பது என் கருத்து.

படம் கீறுவதற்கு விலை கொடுத்து எதையும் வாங்கத் தேவையில்லை. வரிகளாக எழுதிக் கொடுத்தால் தானே படமாக்கித் தரும் பிளான்ட்யூ.எம்.எல்., மெர்மெய்ட் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. எனக்குக் கோட்டுக் கொப்பியைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துப் பென்சிலால் கீறுவதே வசதி. கொப்பியின் கோடுகள் தாமாகவே உயிர்க்கோடுகளாகிவிடும். ஒரே படத்தில் எல்லாவற்றையும் அடைக்க வேண்டாம். ஆறேழு உயிர்க்கோடுகளுக்கு மேல் போனால் யாரும் வாசிக்கமாட்டார்கள், கீறியவர் உட்பட. ஒரு கதைக்கு ஒரு படம். கீறி முடித்ததும் ஒவ்வொரு அம்பின் மேலும் விரலை வைத்து, இது போய்ச் சேராவிட்டால் யார் காத்திருப்பார், எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் யாருடைய கை வெறுங்கை என்று கேளுங்கள். ஒரு மணித்தியாலம் பிடிக்கலாம். அந்த மணித்தியாலத்தில்தான் வேலையே இருக்கிறது.

பயிற்சிக்கு ஒன்று தருகிறேன். தெருமுனைக் கடையில் நூறு ரூபாவுக்கு ரீலோட் போடச் சொல்கிறீர்கள். கடைக்கார நானா தன் தொலைபேசியில் உங்கள் இலக்கத்தைத் தட்டி, "போயிட்டு" என்கிறார். உங்கள் தொலைபேசிக்கு ஒன்றும் வரவில்லை. அவருடைய தொலைபேசிக்கும் பதில் வரவில்லை. நீங்கள், நானா, அவருடைய தொலைபேசி, தொலைபேசிக் கம்பனியின் கணினி, உங்கள் தொலைபேசி என்று ஐந்து உயிர்க்கோடுகளைக் கீறுங்கள். கறுப்புப் புள்ளியை எந்தெந்த இடத்தில் வைத்தால் இந்தக் கதை பொருந்தும் என்று பாருங்கள். ஓர் இடம் மட்டும் அல்ல. பிறகு, நானா இரண்டாந்தரம் அனுப்பலாமா கூடாதா, அனுப்பினால் அவருக்கு இருநூறு போகாமல் இருக்க எந்த அம்பின் மேல் ஓர் இலக்கம் எழுதியிருக்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.